பாஸ்கா எப்போது? 2024-இல் ஈஸ்டர் முடிந்து மூன்று வாரம் கழித்து வருவது ஏன்?

தேரிக்காடு | 1 ஏப்ரல் 2024, இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம், ஈஸ்டர் வாழ்த்துகள்.

பெரிய வியாழன் பூசையில் விடுதலைப் பயணம் 12-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். ஆட்டை வெட்டி, இரத்தத்தைக் கதவு நிலைகளில் பூசி, புளிப்பற்ற அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அன்று இரவே உண்ண வேண்டும் என்று ஆண்டவர் பாஸ்கா விழாவுக்காகக் கட்டளையிடும் பகுதி. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரயேலர் விடுபட்டதை நினைக்கும் விழா அது. வருடா வருடம் கேட்பதுதான். இந்த முறை வீட்டுக்கு வந்ததும், இன்றைய யூதர்கள் பாஸ்காவை எப்போது கொண்டாடுகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஏப்ரல் 22 மாலை தொடங்குகிறதாம். நமக்கோ மார்ச் 31-உடன் ஈஸ்டர் முடிந்துவிட்டது.

போன வருடம் ஏப்ரல் 5 மாலை பாஸ்கா, ஏப்ரல் 9 ஈஸ்டர். அது சரியாக இருக்கிறது. இயேசு பாஸ்கா சமயத்தில்தானே பாடுபட்டு இறந்தார்? அப்படியிருக்கும்போது இந்த வருடம் மட்டும் உயிர்ப்பு முன்னால் வந்து பாஸ்கா பின்னால் போனது எப்படி? நம் திருச்சபையின் கணக்கு மாறியதா, அவர்கள் கணக்கு மாறியதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர் | 1 ஏப்ரல் 2024, இரவு 9.02

நல்ல கேள்வி. இரண்டு கணக்கும் மாறவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்குகள், அவ்வளவுதான்.

யூதர்களின் மாதம் பிறையில் தொடங்குகிறது. நிசான் மாதம் 14-ஆம் நாள் முடிந்து சூரியன் மறைந்ததும் 15 பிறக்கும், அந்த இரவுதான் பாஸ்கா விருந்து. பிறையிலிருந்து பதினைந்தாம் நாள் என்பதால் எப்போதும் முழுநிலவை ஒட்டியே வரும். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் ஆண்டுக் கணக்கில். பன்னிரண்டு பிறை மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டு 365 நாள் சொச்சம். ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. அப்படியே விட்டால் பாஸ்கா வசந்தத்தை விட்டு நழுவிக் குளிர்காலத்துக்குப் போய்விடும். அதனால் சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதார் என்ற மாதம் முதலாம் அதார், இரண்டாம் அதார் என்று இரண்டு முறை வரும். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. போன வருடம் அவர்களுக்கு சிராவணம் இரண்டு முறை வந்தது, அதிக மாதம் என்பார்கள்.

யூத நாட்காட்டியில் 19 ஆண்டுகள் ஒரு சுற்று. அதில் 3, 6, 8, 11, 14, 17, 19 ஆகிய ஏழு ஆண்டுகளுக்குப் பதின்மூன்று மாதம். இப்போது நடப்பது அவர்கள் கணக்கில் 5784. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 8. அதாவது சுற்றின் எட்டாவது ஆண்டு, அதிக மாத ஆண்டு. அதனால் மார்ச் 25 அன்று வந்த முழுநிலவு அவர்களுக்கு இரண்டாம் அதாரின் முழுநிலவு ஆகிவிட்டது. நிசான் முழுநிலவு ஏப்ரல் 23-க்குப் போய்விட்டது.

ஈஸ்டருக்கு விதி வேறு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவைத் தொடரும் ஞாயிறு. மார்ச் 25 அதற்குள் பொருந்திவிட்டது. ஆகவே மார்ச் 31.

இப்படி ஒரு மாதம் விலகுவது சுற்றின் 8, 11, 19-ஆம் ஆண்டுகளில் நடக்கும். 2005, 2008, 2016 மூன்றிலும் நடந்தது. 2016-இல் ஈஸ்டர் மார்ச் 27, பாஸ்கா முதல் நாள் ஏப்ரல் 23.

பிறைநிலா | 1 ஏப்ரல் 2024, இரவு 10.30

கணக்கர் அண்ணே, விளக்கத்துக்கு நன்றி. எங்கள் ஹிஜ்ரி நாட்காட்டியில் மாதம் சேர்ப்பதே கிடையாது, அது விலக்கப்பட்டது. அதனால்தான் ரமளான் ஆண்டுக்கு 11 நாள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடுகிறது. கோடை நோன்பும் உண்டு, மார்கழி நோன்பும் உண்டு.

எனக்குள்ள கேள்வி இதுதான். 19 ஆண்டு, ஏழு மாதம் என்பதெல்லாம் தவ்ராத்திலேயே இருக்கிறதா? இல்லையென்றால் மாதத்தைக் கூட்டும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

ஏட்டுச்சுவடி | 2 ஏப்ரல் 2024, காலை 11.20

பிறைநிலா தம்பி கேட்டதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோராவில், அதாவது தம்பி தவ்ராத் என்று சொல்லும் மோசேயின் ஐந்து நூல்களில், 19 ஆண்டுச் சுற்று கிடையாது. இருப்பவை இரண்டு கட்டளைகள். ஒன்று, இந்த மாதமே உங்களுக்கு மாதங்களில் முதலாவது (விடுதலைப் பயணம் 12). இன்னொன்று, ஆபிபு மாதத்தைக் கவனித்துப் பாஸ்கா கொண்டாடு (இணைச்சட்டம் 16). ஆபிபு என்றால் வாற்கோதுமை, அதாவது பார்லி, கதிர் பிடிக்கும் பருவம். நிசான் என்ற பெயரே பாபிலோன் சிறைவாசத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. பிறையையும் பார்க்க வேண்டும், கதிரையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத ஆண்டில் என்ன செய்வது என்று நூல் சொல்லவில்லை. ஆகவே மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை மிஷ்னாவும் (ரபிகளின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு) தல்மூத்தும் (அதன் விரிவான விளக்கம்) ஆசை ஆசையாகச் சொல்கின்றன. மாதம் சேர்க்கலாமா என்ற பேச்சை மூன்று பேர் தொடங்குவார்கள். ஐந்து பேர் விவாதிப்பார்கள். ஏழு பேர் முடிப்பார்கள். பார்க்க வேண்டிய அடையாளங்கள் மூன்று: வாற்கோதுமை முற்றியதா, மரங்களில் காய் பிடித்ததா, சூரியன் சமபகலிரவு நாளைத் தாண்டுமா. மூன்றில் இரண்டு பொய்த்தால் மாதம் சேர்க்கலாம்.

அதோடு விட்டார்களா? மழையில் சாலை பழுதாகியிருந்தால் சேர்க்கலாம். பாலங்கள் இடிந்திருந்தால் சேர்க்கலாம். பாஸ்கா ஆட்டைச் சுடும் மண் அடுப்புகள் மழையில் கரைந்து, காய நாள் வேண்டியிருந்தால் சேர்க்கலாம். தூர தேசத்திலிருந்து கிளம்பிவிட்ட யாத்ரீகர்கள் எருசலேமுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றாலும் சேர்க்கலாம். ஒரு தேசத்தின் நாட்காட்டியையே வழியில் நடந்துகொண்டிருப்பவனுக்காக நிறுத்தி வைத்தார்கள்! இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த அறிஞர்கள்மேல் தனி மரியாதை.

யூத அவைத் தலைவர் ரபன் கமாலியேல் அனுப்பிய ஒரு கடிதமும் தல்மூத்தில் இருக்கிறது. கோயில் மலையின் படிக்கட்டில் உட்கார்ந்து, முன்னால் நின்ற எழுத்தர் யோகானானிடம் சொல்லச் சொல்ல எழுதியது. பாபிலோன், மேதியா நாட்டுச் சகோதரர்களுக்கு அவர் தெரிவிப்பது: புறாக்குஞ்சுகள் இன்னும் இளசு, ஆட்டுக்குட்டிகளும் மெலிவு, கதிர் முற்றும் காலமும் வரவில்லை, ஆகவே எனக்கும் என் தோழர்களுக்கும் சரியென்று பட்டதால் இந்த ஆண்டோடு முப்பது நாள் சேர்த்திருக்கிறோம்.

எப்போது சேர்க்கக் கூடாது என்பதற்கும் விதி உண்டு. பஞ்ச காலத்தில் கூடாது. காரணம், நிசான் 16 அன்று முதல் கதிர்க்கட்டைக் கோயிலில் காணிக்கையாகச் செலுத்திய பிறகுதான் புதுத் தானியத்தை வாயில் வைக்கலாம். பஞ்சத்தில் ஒரு மாதம் கூட்டினால், வயலில் கதிர் நிற்க, ஏழை இன்னும் முப்பது நாள் பட்டினி கிடக்க நேரும்.

இதைவிட நுணுக்கமானது ஒன்று. அந்த அவையில் அரசர் உட்காரக் கூடாது, தலைமைக் குருவும் உட்காரக் கூடாது. அரசர் படைக்கு ஆண்டுக் கணக்கில் சம்பளம் கொடுப்பவர், பதின்மூன்று மாத ஆண்டு என்றால் அவருக்கு லாபம். தலைமைக் குரு பாவப் பரிகார நாளில் (இலையுதிர் காலத்தில் வரும் பெரிய நோன்பு நாள்) ஐந்து முறை நீரில் மூழ்கி எழ வேண்டும். மாதம் கூடினால் அந்த நாள் குளிருக்குள் தள்ளிப் போகும், அதனால் அவருக்கு மாதம் சேர்க்க மனம் வராது. சொந்த நலன் உள்ளவன் காலத்தை முடிவு செய்யக் கூடாது என்று எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள்!

தேரிக்காடு | 2 ஏப்ரல் 2024, பிற்பகல் 1.05

அக்கா, ஏழு பேர் உட்கார்ந்து முடிவெடுத்த காலத்திலிருந்து கணக்கர் சொல்லும் 19 ஆண்டுச் சுற்றுக்கு எப்போது வந்தார்கள்?

ஏட்டுச்சுவடி | 2 ஏப்ரல் 2024, மாலை 6.45

மரபு சொல்வது கி.பி. 358-359. இரண்டாம் ஹில்லேல் என்ற தலைவர் கணக்கை எல்லோருக்கும் வெளியிட்டார் என்பார்கள். ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்துவிட்ட நேரம், பாலஸ்தீனத்து யூத அவை தேய்ந்துகொண்டிருந்தது. நாளைக்கு அவையே இல்லாமல் போனால் பாபிலோனில் இருப்பவனுக்கும் எகிப்தில் இருப்பவனுக்கும் பாஸ்கா நாளை யார் சொல்வது? அந்தக் கவலைக்கு விடையாகத்தான் கணக்கு வந்தது. ஒரே நாளில் முழுதாக வந்துவிடவில்லை, பல நூற்றாண்டுகளில் படிப்படியாக உருவானது என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது.

ஹைஃபாவாசி | 2 ஏப்ரல் 2024, இரவு 11.50

இஸ்ரேலில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். இங்கே கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

கார்மேல் மலைச் சரிவில், சாலையோரத்தில் காட்டு வாற்கோதுமை தானாக முளைத்துக் கிடக்கும். மார்ச் தொடக்கத்தில் பார்த்தால் பச்சைக் கதிர், நீளமான மீசை, கையில் எடுத்து நசுக்கினால் பால்தான் வரும். ஏப்ரல் நடுவில் அதே இடத்தில் எல்லாம் வெளுத்து, தொட்டாலே கதிர் துண்டு துண்டாக உதிரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு வாரம்தான். ஒரு மாதம் முன்னே பின்னே போனால் அந்தக் காலத்து விவசாயிக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று இதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. முதல் கதிர்க்கட்டு பிசுபிசுத்த பச்சையாகவும் இருக்கக் கூடாது, உதிர்ந்து முடிந்திருக்கவும் கூடாது.

மழையும் அப்படித்தான். பாஸ்கா முதல் நாளிலிருந்து வழிபாட்டில் மழை வேண்டுவதை நிறுத்திப் பனித்துளிக்கு வேண்டத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு இலையுதிர் காலம் வரை வானம் வறண்டுதான் கிடக்கும்.

அப்புறம், இந்த நாட்காட்டியை மறந்துவிட்டு இங்கே ரொட்டி வாங்கவே முடியாது. பாஸ்கா நெருங்கியதும் கடையில் ரொட்டி, பாஸ்தா, பிஸ்கட், பீர் இருக்கும் அலமாரிகள் முழுவதையும் வெள்ளைத் தாளாலோ பிளாஸ்டிக் விரிப்பாலோ மூடி, ஓரம் முழுக்க டேப் ஒட்டிவிடுவார்கள். புளிக்கும் தானியம் வீட்டிலும் இருக்கக் கூடாது, விற்கவும் கூடாது. விருந்துக்கு முந்தைய காலை தெருமுனையில் தகர டப்பாவில் நெருப்பு மூட்டி, மிச்ச ரொட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டு எரிப்பார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

மெய்யறிவு | 3 ஏப்ரல் 2024, காலை 7.10

எல்லாம் சரி. ஒன்றை நேராகக் கேட்கிறேன். கதிரும் வசந்தமும்தான் அடிப்படை என்றால், இந்த வருடம் மார்ச் 20 அன்றே சமபகலிரவு வந்துவிட்டது. மார்ச் 25 முழுநிலவு வசந்தத்துக்குள் விழுகிறது. அப்படிப் பார்த்தால் பாஸ்கா அன்றுதானே வந்திருக்க வேண்டும்? 19 ஆண்டுச் சுற்று பிழையான தேதியைக் கொடுக்கிறது, அவர்கள் அதைத் திருத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

கணக்கர் | 3 ஏப்ரல் 2024, காலை 9.30

மெய்யறிவு சொல்வதில் கணக்குப்படி நியாயம் இருக்கிறது.

யூத நாட்காட்டியில் ஒரு மாதத்தின் சராசரி 29 நாள், 12 மணி, 793 பகுதி. ஒரு மணிக்கு 1080 பகுதி. இன்றைய அளவில் 29 நாள் 12 மணி 44 நிமிடம் 3⅓ விநாடி. தொலைநோக்கி இல்லாத காலத்தில் வந்த எண் இது, நிலவோடு ஒப்பிட்டால் பிசகு அரை விநாடி அளவுதான். நினைத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் சூரியன் பக்கம் பிசகு இருக்கிறது. 19 ஆண்டில் 235 மாதம். பெருக்கிப் பார்த்தால் 19 சூரிய ஆண்டைவிடச் சுமார் 2 மணி நேரம் அதிகம். ஏறத்தாழ 216 ஆண்டுக்கு ஒரு நாள் பின்தங்குகிறது. இரண்டாம் ஹில்லேல் காலத்திலிருந்து இன்றுவரை சேர்த்தால் ஏழெட்டு நாள் ஆகிவிட்டது. அதனால்தான் மார்ச் 21 முதல் 25 வரை வரும் முழுநிலவை இன்றைய கணக்கு இன்னும் வசந்தம் அல்ல என்று ஒதுக்கிவிடுகிறது. 8, 11, 19-ஆம் ஆண்டுகளில் ஒரு மாதம் தள்ளிப் போவதன் காரணம் இதுவே. இப்போதைய நிலையில் பாஸ்கா முதல் நாள் மார்ச் 26-க்கு முன்னால் வராது (2013-இல் அன்று வந்தது), ஏப்ரல் 25-க்குப் பிந்தாது (1967-இல் அன்று வந்தது). போகப் போக இந்த எல்லையே மே மாதத்துக்குள் நகரும்.

என் கருத்தில், சுற்றில் எந்தெந்த ஆண்டுக்கு மாதம் சேர்ப்பது என்ற வரிசையை ஒருமுறை மாற்றி அமைத்தாலே போதும். கிரகோரி பாப்பரசர் 1582-இல் பத்து நாளை நீக்கிச் சரிசெய்யவில்லையா? கணிதமாக இது பெரிய வேலை இல்லை.

ஏட்டுச்சுவடி | 3 ஏப்ரல் 2024, பிற்பகல் 3.15

கணிதம் பெரிய வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். யார் மாற்றுவது என்பதுதான் பெரிய வேலை. கிரகோரி மாற்றியபோது என்ன ஆனது? கத்தோலிக்க நாடுகள் உடனே ஏற்றன, இங்கிலாந்து 1752 வரை இழுத்தது, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் பல இன்றும் பழைய கணக்கில்தான் ஈஸ்டர் வைக்கின்றன. இந்த வருடம் அவர்களுக்கு மே 5. ஒரே உயிர்ப்பை ஐந்து வார இடைவெளியில் கொண்டாடுகிறோம். பாப்பரசர் போன்ற ஒரு தலைமை இருந்தே இந்த நிலை என்றால், உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த, தலைமை அவையே இல்லாத ஒரு மக்கள் கூட்டத்தில் யார் கை வைக்கத் துணிவார்?

துணிந்த ஒருவர் உண்டு. 921-இல் பாலஸ்தீனத்து யூதத் தலைவர் பென் மேயிர், மாதப் பிறப்புக் கணக்கில் 642 பகுதி வேறுபடுவதாக அறிவித்தார். கணக்கரின் அளவில் வெறும் 36 நிமிடம். அந்த 36 நிமிடத்தால் ஆண்டுத் தொடக்கத்தின் கிழமை மாறி, 922-இல் பாலஸ்தீனத்து யூதர் ஞாயிறன்றும் பாபிலோனிய (இன்றைய ஈராக்) யூதர் செவ்வாயன்றும் பாஸ்கா கொண்டாடும்படி ஆனது. ஒரே ஊரில் ஒரு வீட்டில் புளிப்பை எரித்து முடித்தபிறகு அடுத்த வீட்டில் இரண்டு நாள் ரொட்டி வேகிறது என்று எண்ணிப் பாருங்கள். யூதர்களுக்கு இது வெறும் தேதிச் சண்டை இல்லை. பாஸ்காவில் புளிப்பு உண்பவன் மக்களிடமிருந்து விலக்கப்படுவான் என்பது கட்டளை. அந்தச் சண்டையில் பாபிலோன் பக்கம் நின்று வாதாடியவர் சாதியா, பிற்காலத்தில் பேரறிஞராகப் பெயர் பெற்றவர். கடைசியில் பாபிலோன் கணக்கே நிலைத்தது.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்று. பிறை பார்த்த சாட்சிகளை எருசலேமில் பெத் யாசேக் என்ற முற்றத்தில் கூட்டி விசாரிப்பார்கள். சாட்சிகள் தயங்காமல் வரவேண்டும் என்று அங்கே அவர்களுக்குப் பெரிய விருந்து வைப்பார்கள். கோயில் அழிந்த பிறகும் இந்த வழக்கம் வேறு ஊரில் தொடர்ந்தது. அப்போதைய தலைவர் இரண்டாம் கமாலியேல், பிறையின் வடிவங்களை வரைந்த பலகையை மாடி அறையின் சுவரில் மாட்டியிருந்தார். படிக்காத சாட்சியிடம், நீ பார்த்தது இப்படியா, இப்படியா என்று காட்டிக் கேட்பார்.

ஒருமுறை அவர் ஏற்ற சாட்சியம் தவறு என்று ரபி யோசுவா கருதினார். அவர் கணக்குப்படி பாவப் பரிகார நாள் ஒரு நாள் தள்ளி வர வேண்டும். கமாலியேல் ஆள் அனுப்பினார்: உன் கணக்குப்படி பாவப் பரிகார நாளான அன்று, கைத்தடியும் பணமுமாக என்னிடம் வர வேண்டும். யோசுவாவுக்கு மனம் கலங்கியது. நோன்பு நாளில் பணம் தொடுவதா, பயணம் போவதா? ரபி அகீபா அவரைத் தேற்றினார். திருவிழாக்களை நீங்கள் அறிவிக்க வேண்டும் என்றுதான் வேதம் சொல்கிறது, ஏற்ற காலத்திலோ அல்லாத காலத்திலோ நம் அவை அறிவித்ததே திருவிழா என்றார். யோசுவா தடியை எடுத்துக்கொண்டு, பணத்தை முடிந்துகொண்டு போனார். கமாலியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டு, ஞானத்தில் என் குருவே, என் சொல்லை ஏற்றதில் என் சீடரே, வாரும் என்றார்.

மெய்யறிவு, பிழை என்று தெரிந்தும் ஏன் திருத்தவில்லை என்று கேட்டீர்கள். திருத்துவதற்கு அவர்களுக்கு வேண்டியது எல்லோரும் ஏற்கும் ஓர் அவை. இரண்டாம் ஹில்லேலின் அவை வருங்காலத்து மாதங்களை எல்லாம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது, அதற்கு நிகரான அவை மீண்டும் கூடும்வரை அதுவே செல்லும் என்று 13-ஆம் நூற்றாண்டில் நாக்மானிடிஸ் என்ற யூத அறிஞர் எழுதினார். நான் அந்தப் பக்கம்தான். ஏழு நாள் பிசகைவிட இரண்டு பாஸ்கா கொடியது.

மெய்யறிவு | 3 ஏப்ரல் 2024, மாலை 5.40

உணர்ச்சி புரிகிறது அம்மா. ஆனால் ஆபிபு மாதத்தைக் கவனி என்ற கட்டளையை வைத்துப் பார்த்தால், கதிரை இன்றும் தேடிப் போகிறவர்கள் யூதர்களிலேயே இருக்கிறார்கள் அல்லவா? கராயிட்டுகள் என்று படித்தேன். அவர்கள் நிலைப்பாடுதானே நேர்மையானது?

ஏட்டுச்சுவடி | 3 ஏப்ரல் 2024, இரவு 8.20

கராயிட்டுகள் நேர்மையானவர்கள், சந்தேகமில்லை. ரபிகளின் வாய்மொழி மரபை ஏற்காமல் எழுதிய வேதத்தை மட்டும் பிடித்தவர்கள். 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் எருசலேமில் இருந்த கராயிட்டுகள் வயலுக்குப் போய்க் கதிர் பார்த்துத்தான் ஆண்டை முடிவு செய்தார்கள். ஆனால் கான்ஸ்டான்டினோப்பிளிலோ கிரிமியாவிலோ வாழ்ந்த கராயிட்டு என்ன செய்வான்? எருசலேமிலிருந்து செய்தி வந்து சேர்வதற்குள் பாஸ்கா முடிந்துவிடும். நாளடைவில் அவர்களில் பெரும்பாலோரும் 19 ஆண்டுச் சுற்றுக்கே வந்தார்கள். இஸ்ரேலில் இன்று கதிர் தேடும் வழக்கத்தைச் சிலர் திரும்பவும் கையில் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே எந்த வயலின் கதிர், எந்த அளவு முற்றல் என்று கருத்து வேறுபாடு வருகிறது.

சமாரியர் கதை தனி. தோராவை ஏற்றும் யூதர்களிலிருந்து பிரிந்து வாழும், ஆயிரத்துக்கும் குறைவான மக்கள். அவர்களுடைய தலைமைக் குரு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் கணக்கை வெளியிடுவார். சில ஆண்டுகளில் யூதர்களின் பாஸ்காவுக்கு ஒரு மாதம் விலகியே வரும். நாப்லுஸ் அருகே கெரிசீம் மலையில் வெள்ளை உடுத்திக் கூடி, இன்றும் ஆடு வெட்டி, குழி அடுப்பில் சுட்டு, இரவோடு இரவாக உண்கிறார்கள். விடுதலைப் பயணத்தில் தேரிக்காடு கேட்ட காட்சியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

பிறைநிலா | 3 ஏப்ரல் 2024, இரவு 9.15

கமாலியேல், யோசுவா சம்பவத்தைப் படித்துவிட்டு வாப்பாவிடம் சொன்னேன். பிறை பார்ப்பதில் ஊருக்கு ஊர் கருத்து மாறி, பக்கத்து மஹல்லாவில் ஒரு நாள், இங்கே ஒரு நாள் என்று பெருநாள் வந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அதனால் வாப்பாவுக்கு அந்தக் கைத்தடி விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு சின்னக் கேள்வி. இஸ்ரேலில் பாஸ்கா ஏழு நாள், வெளிநாட்டு யூதர்களுக்கு எட்டு நாள் என்கிறார்களே?

ஏட்டுச்சுவடி | 3 ஏப்ரல் 2024, இரவு 9.50

அதுவும் பிறையால் வந்ததுதான். எருசலேமில் பிறை உறுதியானதும் ஒலிவ மலையில் தீவட்டி காட்டுவார்கள். அதைப் பார்த்து சர்தபா மலை, அங்கிருந்து ஹவுரான் என்று மலைக்கு மலை நெருப்பு தாவி பாபிலோன் வரை செய்தி போகும். சமாரியர் இடையே பொய்த் தீ மூட்டிக் குழப்பியதால், பிறகு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள் என்கிறது மிஷ்னா. ஆள் போய்ச் சேராத தூரத்தில் இருந்தவர்களுக்கு மாதம் 29 நாளா 30 நாளா என்று உறுதியில்லை. ஆகவே திருநாளை இரண்டு நாள் கொண்டாடினார்கள். கணக்கு வந்து சந்தேகம் தீர்ந்த பிறகும் முன்னோர் வழக்கத்தை விடவில்லை. சீர்திருத்தப் பிரிவினர் பலர் இப்போது ஏழு நாளோடு முடித்துக்கொள்கிறார்கள்.

தேரிக்காடு | 4 ஏப்ரல் 2024, காலை 6.30

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று உறுத்துகிறது. யூத நாட்காட்டியில் பாஸ்கா முதல் நாள் வெள்ளிக்கிழமை வரவே வராது, அதனால் மத்தேயு, மாற்கு, லூக்கா சொல்லும் கிழமை தவறு என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இது உண்மையா?

கணக்கர் | 4 ஏப்ரல் 2024, காலை 10.10

விதி உண்மை, வாதம் தவறு.

இன்றைய கணக்கில் பாஸ்கா முதல் நாள் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று கிழமைகளில் வராது. பாஸ்காவுக்கு 163 நாள் கழித்து வரும் புத்தாண்டுதான் காரணம் (மாதங்களில் முதலாவது நிசான் என்றாலும் ஆண்டு எண் இலையுதிர் காலத்தில்தான் மாறும்). பாஸ்கா வெள்ளி என்றால் புத்தாண்டு ஞாயிறு. அப்படி வந்தால் கூடாரத் திருவிழாவின் ஏழாம் நாள் சனிக்கிழமையில் விழும், அன்று செய்ய வேண்டிய மரக்கிளைச் சடங்கு ஓய்வுநாளோடு மோதும். பாஸ்கா திங்கள் அல்லது புதன் என்றால் பாவப் பரிகார நாள் ஓய்வுநாளுக்கு முன்னோ பின்னோ ஒட்டிக்கொள்ளும். தொடர்ந்து இரண்டு நாள் சமையலும் இல்லை, இறந்தவரை அடக்கம் செய்யவும் வழியில்லை. அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் இது நிலையான கணக்கு வந்த பிறகான விதி. இயேசுவின் காலத்தில் பிறை கண்ட சாட்சியே முடிவு, எந்தக் கிழமையும் வரலாம். பாஸ்காவுக்கு முந்தைய நாளே ஓய்வுநாளாக வந்தால் என்ன செய்வது என்று மூத்த ஹில்லேலிடம் (இரண்டாம் ஹில்லேலுக்கு வெகுகாலம் முந்தியவர்) கேட்ட கதை தல்மூத்தில் உண்டு. ஆக, இன்றைய நிரலை வைத்து முதல் நூற்றாண்டின் கிழமையைக் கண்டுபிடிக்கவே முடியாது. முதல் மூன்று நற்செய்திகள் இராவுணவைப் பாஸ்கா விருந்தாகவே சொல்கின்றன. யோவான் அதற்கு முந்தைய நாள் என்று காட்டுகிறார். அந்த வேறுபாடு வேறு, அதை நாட்காட்டி விதியால் தீர்க்க முடியாது. சிலுவை நாளாக அறிஞர்கள் அதிகம் பேசுவது கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. இரண்டும் வெள்ளிதான்.

---

ஹைஃபாவாசி | 11 ஏப்ரல் 2025, மாலை 4.25

ஒரு வருடம் கழித்து இந்த இழையைத் தேடி எடுத்தேன். கணக்கர் போகிறபோக்கில் சொன்ன நிலைமை இப்போது இங்கே நடக்கிறது. நாளை சனிக்கிழமை இரவு பாஸ்கா விருந்து. அதாவது முந்தைய நாளே ஓய்வுநாள்.

ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் புளிப்பு எரிப்பதை இன்று வெள்ளிக்கிழமை காலையிலேயே முடித்துவிட்டார்கள். ஆனால் ஓய்வுநாள் உணவுக்கு ரொட்டி வேண்டும். என் பக்கத்து வீட்டு அம்மா வீடு முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டு, பால்கனியில் ஒரு சின்ன மேசை போட்டு, காகிதத் தட்டில் இரண்டு சிறு ரொட்டி மட்டும் மூடி வைத்திருக்கிறார். நாளை விடிந்ததும் அதைத் தின்று, துகளைத் தட்டி, வாய் கொப்பளித்து, காலை நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அதற்குப் பிறகு ரொட்டியும் கிடையாது, இரவு வரை பாஸ்கா அப்பமும் கிடையாது. தலைப்பிள்ளைகள் நோன்பையும் வியாழனுக்கு முன்தள்ளிவிட்டார்கள்.

2021-இல் வந்ததாம். இனி 2045-இல்தான் என்கிறார். அந்த அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொன்றையும் எனக்கு நிறுத்தி நிதானமாக விளக்கினார்.

ஏட்டுச்சுவடி | 11 ஏப்ரல் 2025, இரவு 7.00

தம்பி, அந்த மேசையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஹில்லேல் கதையை அன்று கணக்கர் தொட்டுவிட்டுப் போனார், இன்று சொல்லிவிடுகிறேன்.

நிசான் 14 ஓய்வுநாளில் வந்தது. ஆடு வெட்டுவது வேலை, ஓய்வுநாளில் வெட்டலாமா? தலைவர்களான பெத்தீரா வீட்டாருக்கு விதி மறந்துவிட்டது. பாபிலோனிலிருந்து வந்த ஹில்லேலை அழைத்துக் கேட்டார்கள். பாஸ்கா ஓய்வுநாளை மிஞ்சும், வெட்டலாம் என்று அவர் விளக்கினார். உடனே அவரைத் தலைவராக்கினார்கள். அடுத்த கேள்வி வந்தது: கத்தியை முந்தின நாளே கொண்டுவர மறந்தவன் என்ன செய்வான்? ஓய்வுநாளில் சுமக்கக் கூடாதே. அந்தச் சட்டத்தைக் கேட்டிருக்கிறேன், மறந்துவிட்டேன் என்றார் ஹில்லேல். மக்களை விடுங்கள், அவர்கள் இறைவாக்கினர் இல்லையென்றாலும் இறைவாக்கினரின் பிள்ளைகள் என்றார். மறுநாள் பார்த்தால், செம்மறி கொண்டுவந்தவன் கத்தியை அதன் கம்பளிக்குள் செருகியிருந்தான், வெள்ளாடு கொண்டுவந்தவன் கொம்புகளுக்கு நடுவே செருகியிருந்தான். அதைக் கண்டதும் ஹில்லேலுக்குச் சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது.

தேரிக்காடு | 12 ஏப்ரல் 2025, காலை 8.40

இந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 20, ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கும் அதே நாள். பாஸ்காவை ஒட்டியே வருகிறது. குருத்து ஞாயிறு அன்றே பாஸ்கா முதல் நாள். எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இழையில் உள்ளதைச் சுருக்கிச் சொல்லப் போகிறேன். அடுத்து எப்போது ஒரு மாதம் விலகும், கணக்கர்?

கணக்கர் | 12 ஏப்ரல் 2025, காலை 9.05

2026-இல் நெருங்கியே வரும்: பாஸ்கா முதல் நாள் ஏப்ரல் 2, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-இல் விலகும்: ஈஸ்டர் மார்ச் 28, பாஸ்கா ஏப்ரல் 22. அது 5787, சுற்றின் 11-ஆம் ஆண்டு. பிள்ளைகளிடம் 19-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.